தழும்பு இருந்தும் காப்பு இல்லை: திருவள்ளூர் ஊர்களில் நடந்த பி.சி.ஜி. ஆய்வின் வரலாறு

1968 முதல் 1971 வரை, சென்னைக்கு மேற்கே அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திருவள்ளூர்ப் பகுதியில், ஒன்றையொன்று ஒட்டிய 209 ஊராட்சிகளிலும் 9 நகரங்களிலும் வாழ்ந்த மக்கள் அனைவரும் வீடுவீடாகப் பதிவு செய்யப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோருக்குக் காசநோய்த் தடுப்பூசியோ, அதன் தோற்றத்தை ஒத்த மருந்தற்ற ஊசியோ போடப்பட்டது. உலக அளவில் 'செங்கல்பட்டு ஆய்வு' என்று அறியப்படும் அம்முயற்சி, பி.சி.ஜி. என்ற தடுப்பூசியைப் பற்றி அதுவரை நிகழ்ந்த ஆய்வுகளிலெல்லாம் பெரியது. தடுப்பூசிகளின் வரலாற்றில் அதற்கு உரிய இடம் கிடைத்துவிட்டது. ஆனால் உடலின் எதிர்ப்பாற்றலைத் தாங்கி நிற்கும் செல்கள் காசநோய்க் கிருமியை எவ்வாறு எதிர்கொள்கின்றன என்ற அறிவியலின் வரலாற்றிலும் அதற்கு அதே அளவு இடம் உண்டு. கிருமியை அடையாளம் கண்டுகொள்ளும் செல்கள் உடலில் இருப்பது வேறு, அவை உடலைக் காப்பது வேறு என்ற உண்மை மனித சமுதாயத்தில் மிகப் பெரிய அளவில் வெளிப்பட்டது இந்த ஊர்களில்தான்.

இந்த ஆய்வு இங்கு வந்து சேர்ந்தது தற்செயலன்று. தாம்பரத்தில் டேவிட் சவுரிமுத்து 1928இல் நிறுவிய காசநோய் மருத்துவமனை அதே மாவட்டத்தில் இருந்தது. நாட்டின் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் 1948இல் கிண்டியில் தொடங்கப்பட்டது. 1956இல் சென்னை சேத்துப்பட்டில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை மாநில அரசும் உலக சுகாதார நிறுவனமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை அமைத்தன. நோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் மருத்துவமனையில் சேர்த்துக் கொடுத்த அளவுக்கே பயன் கிடைக்கும் என்று அம்மையம் 1959இல் மெய்ப்பித்தபோது, உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கே மாறிற்று. ஒரு சிற்றூரின் தெருக்களில் நடந்து சென்று நம்பத்தக்க அறிவியலைச் செய்ய முடியும் என்ற துணிவு அந்த வெற்றியிலிருந்து பிறந்தது.

தடுப்பூசி குறித்த ஐயமும் இதே மண்ணில் பழையதுதான். பி.சி.ஜி. பெருந்திட்டம் நாடு முழுவதும் பரவிக்கொண்டிருந்தபோது, சென்னை மாநில முதலமைச்சர் பொறுப்பிலிருந்து விலகியிருந்த ராஜாஜி, உயிருள்ள கிருமியை நலமான குழந்தைகளின் உடலில் செலுத்துவதை எதிர்த்து 1955இல் தனி நூலே வெளியிட்டார். அவருடைய வாதங்கள் பலவற்றை மருத்துவர்கள் மறுத்தனர். ஆயினும் இந்நாட்டு மக்களிடையே இந்த ஊசி பயன்தரும் என்பதற்கு இந்நாட்டிலேயே திரட்டிய வலுவான சான்று அன்று போதிய அளவில் இல்லை என்பது உண்மை. பிற நாடுகளில் கிடைத்திருந்த சான்றுகளும் ஒன்றுக்கொன்று முரணாக நின்றன. பிரிட்டனின் பள்ளி மாணவர்களிடையே ஏறத்தாழ 77 விழுக்காடு பாதுகாப்பைக் காட்டிய ஊசி, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 14 விழுக்காட்டையே காட்டியிருந்தது.

அக்காலத்தில் எதிர்ப்பாற்றலைப் பற்றி அறிஞர் கொண்டிருந்த கருத்தை இங்கே சற்று விரிவாகக் கூறுவது அவசியம், ஏனெனில் ஆய்வின் அமைப்பே அதன்மீதுதான் எழுப்பப்பட்டது. 1890இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியின் வளர்ப்பிலிருந்து டியூபர்குலின் என்ற சாற்றை உருவாக்கினார். மருந்தாக அது தோற்றது. ஆனால் கிருமியை ஏற்கெனவே சந்தித்த ஒருவரின் தோலில் அதைச் சிறிதளவு செலுத்தினால், இரண்டு மூன்று நாள்களில் அவ்விடம் தடித்து வீங்குவது தெரியவந்தது. 1908இல் சார்லஸ் மாந்து வகுத்த முறையில், முன்கையின் தோலுக்குள் ஊசி போட்டு, வீக்கத்தின் அகலத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளப்பது வழக்கமாயிற்று. அந்த வீக்கத்தை உண்டாக்குவது எது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. 1940களில் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் மெரில் சேஸும் நடத்திய கினிப்பன்றிச் சோதனைகளில், இத்தகைய உணர்வை ஒரு விலங்கிலிருந்து இன்னொன்றுக்குக் குருதி நீரால் மாற்ற இயலவில்லை, வெள்ளணுக்களால் மாற்ற முடிந்தது. குருதி நீரில் மிதக்கும் எதிர்ப்புரதங்களைக் காட்டிலும் உயிருள்ள செல்களே இந்நோயில் முதன்மையானவை என்பதற்கு அதுவே முதல் உறுதியான அடையாளம். 1961இல் ஜாக் மில்லர், மார்பெலும்புக்குப் பின்னே உள்ள தைமஸ் சுரப்பி எதிர்ப்பாற்றலுக்கு இன்றியமையாதது என்று காட்டினார். அங்கு முதிர்ச்சி பெறும் வெள்ளணுக்களே பின்னர் டி செல்கள் எனப் பெயர் பெற்றன. அதே பத்தாண்டில் ஜார்ஜ் மக்கானஸ், கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற பெருஞ்செல்கள் தாமாகக் கிருமியைக் கொல்ல இயலாத நிலையிலும், நிணநீர் அணுக்களின் தூண்டுதல் பெற்றால் கொல்லும் வல்லமை பெறுகின்றன என்று நிறுவினார்.

நோயாளி இருமும்போது காற்றில் கலக்கும் நுண்துளிகள் நுரையீரலின் கடைசிக் காற்றறைகளை அடைய, அங்குக் காவலிருக்கும் மேக்ரோஃபேஜ்கள் அவற்றிலுள்ள கிருமிகளை விழுங்குகின்றன. பிற கிருமிகள் பெரும்பாலும் இந்நிலையில் செரிக்கப்பட்டு அழிய, காசநோய்க் கிருமியோ தான் அடைபட்ட பை, அழிக்கும் நொதிகள் கொண்ட பையோடு இணைவதைத் தடுத்து, தன்னை விழுங்கிய செல்லுக்குள்ளேயே பெருகுகிறது. டெண்ட்ரைட்டிக் செல்கள் எனப்படும் கிளைத்த வடிவச் செல்கள் கிருமியின் கூறுகளை நிணநீர்க் கணுக்களுக்குக் கொண்டு சென்று டி செல்களுக்குக் காட்ட வேண்டும். அந்தப் பயணத்தையும் கிருமி தாமதப்படுத்துகிறது. ஆகவே தொற்று ஏற்பட்ட பின் டியூபர்குலின் சோதனையில் வீக்கம் தோன்றுவதற்கு 2 முதல் 8 வாரங்கள் ஆகின்றன. அதற்குள் கிருமி நுரையீரலில் ஊன்றிவிடுகிறது. இறுதியில் வந்து சேரும் டி செல்களில் சி.டி.4 என்ற அடையாளம் தாங்கியவை, இன்டர்ஃபெரான்-காமா என்ற தூதுப்பொருளைச் சுரந்து மேக்ரோஃபேஜ்களை விழிப்படையச் செய்கின்றன. சி.டி.8 அடையாளம் கொண்டவை, கிருமி குடியிருக்கும் செல்களை நேரே அழிக்கின்றன. இவையெல்லாம் கூடிக் கிருமியைச் சூழ்ந்து எழுப்பும் கட்டமைப்பே கிரானுலோமா. தொற்றுக்குள்ளானவர்களில் பெரும்பாலோருக்கு இக்கட்டமைப்பு வாழ்நாள் முழுவதும் தாங்குகிறது. எஞ்சிய சிலருக்கு அது உடைகிறது.

இந்த விவரங்கள் அனைத்தும் 1968இல் தெரிந்திருக்கவில்லை. எனினும் பலவீனமாக்கப்பட்ட கிருமியைத் தோலில் செலுத்தினால் உடலின் செல்கள் அதை நினைவில் கொள்ளும், அந்நினைவு டியூபர்குலின் வீக்கமாக வெளிப்படும், வீக்கம் தோன்றினால் காப்பும் தோன்றியிருக்கும் என்ற நம்பிக்கை மருத்துவ உலகில் ஆழப் பதிந்திருந்தது. பிரான்சின் லில் நகரில் கால்மெட்டும் கெராங்கும் பசுவின் காசநோய்க் கிருமியைப் 13 ஆண்டுகள் மீண்டும் மீண்டும் வளர்த்து அதன் வீரியத்தைப் போக்கி உருவாக்கிய தடுப்பூசிக்கு, கையில் தழும்பும் தோலில் வீக்கமுமே வெற்றியின் சான்றுகளாகக் கருதப்பட்டன.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து நடத்திய ஆய்வில் 3,66,625 பேர் பதிவு செய்யப்பட்டனர். அவர்களுள் 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. ஒரு மாதக் குழந்தை முதல் முதியோர் வரை அனைவரும் அதில் அடங்கினர். டேனிஷ், பிரெஞ்சு எனும் இரு வகைத் தடுப்பூசிகள், ஒவ்வொன்றிலும் 0.1 மில்லிகிராம், 0.01 மில்லிகிராம் என்ற இரு அளவுகள், இவற்றோடு மருந்தற்ற ஊசி என்ற பிரிவுகளுள் ஒருவருக்கு எது கிடைத்தது என்பது குலுக்கல் முறையில் முடிவாயிற்று. ஊசி போட்டவருக்கும் போட்டுக்கொண்டவருக்கும் அது தெரியாது. அனைவருக்கும் டியூபர்குலின் சோதனை நடந்தது. 10 வயதைக் கடந்தோருக்கு மார்பு எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. ஐயத்துக்குரியோரின் சளி ஆய்வகத்தில் வளர்க்கப்பட்டது. அதன்பின் இரண்டரை ஆண்டுகளுக்கு ஒருமுறை முழு மக்கள்தொகையும் மீண்டும் சோதிக்கப்பட்டது. இடையிடையே 10 மாதங்களுக்கு ஒருமுறை, நோய் வரக்கூடும் எனக் கருதப்பட்டோர் தனியே பார்க்கப்பட்டனர். இவ்வாறு 15 ஆண்டுகள் ஓடின. கணினி வசதி அரிதாயிருந்த அந்நாளில், இடம்பெயரும் உழவுக் கூலிகளையும் திருமணமாகி வேற்றூர் சென்ற பெண்களையும் விடாமல் தேடிப் பதிவு செய்த களப்பணியாளர்களின் உழைப்பு, இந்திய அறிவியலின் வரலாற்றில் இன்னும் முறையாக எழுதப்படவில்லை. ஆய்வின் விரிவான அறிக்கையைத் தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த ஜி.வி.ஜே. பெய்லி 1980இல் வெளியிட்டார்.

ஏழரை ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1979இல் வெளியானபோது மருத்துவ உலகம் அதிர்ந்தது. சளியில் கிருமி வெளிப்படும் நுரையீரல் காசநோயை, ஊசி போட்டுக்கொண்டோரிடம் பி.சி.ஜி. சிறிதும் குறைக்கவில்லை. பதினைந்து ஆண்டுகளின் நிறைவில், தொடக்கத்தில் தொற்று இல்லாதிருந்த 1,09,873 பேரின் கணக்கை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட அறிக்கையும் அதையே உறுதி செய்தது. பெரியவர்களிடம் காப்பு இல்லை. குழந்தைகளிடம் 27 விழுக்காடு என்ற தாழ்ந்த அளவு தென்பட்டபோதும், அது தற்செயலாக நேர்ந்திருக்கக்கூடும் என்பதை மறுக்க இயலாத அளவுக்கே கணக்கு உறுதியாயிருந்தது.

முடிவுகளுள் மிகவும் ஆழமானது வேறொன்று. ஊசி போட்டு இரண்டரை மாதங்களில் டியூபர்குலின் வீக்கம் எதிர்பார்த்தபடியே சிறப்பாகத் தோன்றியது. உடலின் செல்கள் கிருமியை நன்கு நினைவில் கொண்டன என்பதில் ஐயமே இல்லை. இரண்டரை ஆண்டுகளில் அந்த வீக்கம் வெகுவாகத் தேய்ந்துவிட்டது. அது தேய்வதற்கு முன்னரும் பின்னரும் நோயின் வீதத்தில் வேறுபாடு தோன்றவில்லை. வீக்கத்தைக் காப்பின் அளவுகோலாகக் கொண்டிருந்த அரை நூற்றாண்டு நம்பிக்கை இந்த இடத்தில்தான் முறிந்தது. ஊசி கெட்டுப்போயிருந்தது, பதிவுகள் தவறியிருந்தன என்ற குற்றச்சாட்டுகளும் எழுந்தன. ஆனால் அந்த வீக்கமே ஊசி உயிரோடிருந்ததற்குச் சான்று என்பதால், ஆய்வின் பிழையைத் தேடுவதைவிட உடலின் இயல்பைத் தேடுவதே நேர்மையான வழியாயிற்று.

அத்தேடலில் முதலில் கண்ணில் பட்டது இந்த நிலத்தின் மண்ணும் நீரும். கொசஸ்தலையாறும் 1944இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கமும் எண்ணற்ற பாசன ஏரிகளும் கிணறுகளும் கொண்ட இப்பகுதியில், காசநோய்க் கிருமியின் உறவினங்களான, நோய் விளைவிக்கும் திறன் குன்றிய மைக்கோபாக்டீரியங்கள் பெருமளவில் வாழ்கின்றன. அவற்றுக்கான தோல் சோதனையில், பதின்ம வயதை எட்டுவதற்குள் இவ்வூர் மக்களுள் பெரும்பாலோர் அவற்றைச் சந்தித்துவிடுகின்றனர் என்பது ஆய்வின்போதே தெரியவந்தது. பின்னர் சேத்துப்பட்டு மையத்தைச் சேர்ந்த கமலா, பரமசிவன் முதலியோர் ஆய்வுப்பகுதியின் மண், நீர், தூசி, மக்களின் சளி ஆகியவற்றிலிருந்து மைக்கோபாக்டீரியம் ஏவியம், ஃபார்ட்யூட்டம் போன்ற இனங்களைப் பிரித்தெடுத்து 1994இல் அறிவித்தனர். இவ்வுயிரிகளின் கூறுகள் பல பி.சி.ஜி.யின் கூறுகளை ஒத்தவை. ஆகையால் குழந்தைப் பருவத்திலேயே அவற்றைக் கண்டு பழகிய டி செல்கள் இருவகையில் குறுக்கிடக்கூடும். அவை ஏற்கெனவே ஓரளவு காப்பு அளித்திருந்தால், தடுப்பூசியின் கூடுதல் பயன் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோகும். அன்றி, தோலில் செலுத்திய உயிருள்ள பி.சி.ஜி.யை அச்செல்கள் விரைந்து அழித்துவிட்டால், அது பெருகி முழு எதிர்ப்பாற்றலைத் தூண்டுவதற்கு வாய்ப்பே இராது. எலிகளில் இந்த இரண்டாம் வழி நிகழ்வதை 2002இல் வெளியான ஆய்வு காட்டிற்று. அதே ஆண்டில் மலாவி, பிரிட்டன் ஆகிய நாடுகளின் இளைஞர்களை ஒப்பிட்ட மற்றோர் ஆய்வில், பி.சி.ஜி. போட்ட பின் இன்டர்ஃபெரான்-காமா சுரப்பு பிரிட்டனில் பெரிதும் உயர்ந்தது. மலாவியிலோ ஊசிக்கு முன்பே அது உயர்ந்திருந்ததால், ஊசியால் கூடியது சிறிதே.

இவ்விளக்கம் வலுவானதே என்றாலும் முழுமையானதன்று. தென்னிந்திய நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகள் பல கினிப்பன்றிகளில் பிரிட்டிஷ் கிருமிகளைவிடக் குறைந்த வீரியம் காட்டுகின்றன என்று 1960இலேயே மிட்சிசனும் அவருடைய சென்னைக் கூட்டாளிகளும் கண்டிருந்தனர். பிற்கால மரபணு ஆய்வுகள், தமிழ்நாட்டில் பரவலாக உள்ளவை மிகப் பழைய கிளையாகிய இந்தோ-ஓசியானிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று நிறுவின. மேலும், இவ்வூர்களில் வயதுவந்தோருள் பலர் ஏற்கெனவே தொற்றுக்குள்ளாகியிருந்த நிலையில், ஒருவர் வாழ்நாளில் பலமுறை புதிதாகக் கிருமியை உள்வாங்கும் சூழல் நிலவியது. முதல் தொற்று குருதி வழியே உடலெங்கும் பரவுவதைத் தடுக்கும் ஆற்றல் பி.சி.ஜி.க்கு உண்டு. எனவேதான் சிறு குழந்தைகளைத் தாக்கும் மூளையுறைக் காசநோயை அது நன்கு தடுக்கிறது. ஆனால் மீண்டும் மீண்டும் நுரையீரலுக்குள் வரும் புதுத் தொற்றைத் தடுக்கும் வேலை வேறு, அதற்குத் தேவையான செல்களும் வேறாக இருக்கக்கூடும்.

டி செல்கள் தேவையே இல்லை என்று இதற்குப் பொருளன்று. 1986இல் சுனிதி சாலமனின் குழு சென்னையில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்றை வெளிப்படுத்திய பின், சி.டி.4 செல்களை அழிக்கும் அத்தொற்றுடையோரிடம் காசநோய் எவ்வளவு வேகமாகப் பற்றுகிறது என்பதை இந்நாட்டு மருத்துவர்கள் நேரில் கண்டனர். 1993இல் இன்டர்ஃபெரான்-காமா சுரக்க இயலாத எலிகள் காசநோயால் விரைந்து மடிவது காட்டப்பட்டது. 1996இல் அப்பொருளை ஏற்கும் உறுப்பு குறையுள்ள குழந்தைகளைச் சாதாரண மைக்கோபாக்டீரியங்களும் பி.சி.ஜி.யுமே கொல்லக்கூடும் என்பது தெரிந்தது. சி.டி.4 செல்கள் இன்றிக் காப்பு இல்லை, அவை மட்டும் இருந்தால் போதாது என்ற இரு உண்மைகளையும் ஒருசேர ஏற்கவேண்டிய நிலை இவ்வாறு உருவாயிற்று. 2010இல் வெளியான ஒரு மரபணு ஆய்வு இதை மேலும் கூர்மையாக்கியது. பிற கிருமிகள் பல எதிர்ப்புச் செல்களிடமிருந்து தப்பிக்கத் தம் அடையாளக் கூறுகளை மாற்றிக்கொண்டே இருக்கும். காசநோய்க் கிருமியோ டி செல்கள் கண்டுகொள்ளும் தன் கூறுகளையே மிகக் கவனமாக மாறாமல் காத்துவந்துள்ளது. டி செல்களின் தாக்குதலால் நுரையீரலில் குழி விழுந்தால்தான் கிருமி இருமல் வழியே அடுத்தவரை அடைய முடியும் என்பதால், அந்தத் தாக்குதலைத் தூண்டுவதே கிருமிக்கு ஆதாயம் என்று பல அறிஞர்கள் கருதுகின்றனர்.

1997இல் திருவள்ளூர் தனி மாவட்டமானது. சேத்துப்பட்டு மையம், காசநோய் ஆராய்ச்சி மையமாகவும் பின்னர் 2011இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாகவும் பெயர் மாறி, இம்மாவட்டத்தோடு கொண்ட உறவைத் தொடர்ந்தது. 1999 முதல் இங்குப் பணியாளரின் நேரடிக் கண்காணிப்பில் மருந்து கொடுக்கும் டாட்ஸ் முறை செயற்படுத்தப்பட்டு, அதன் விளைவு அடுத்தடுத்த கணக்கெடுப்புகளால் அளக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே நுரையீரல் காசநோயின் பரவல் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தடுப்பூசியால் இயலாததை மருந்து செய்தது என்றே இதைக் கொள்ளவேண்டும்.

இதற்கிடையில் நிலத்தின் முகமும் மாறிற்று. மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை ஒட்டிய கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்து, இரும்பு உருக்காலைகளும் வார்ப்பாலைகளும் பெருகின. பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் அவற்றில் உழைக்கின்றனர். வார்ப்பு மணலிலிருந்து எழும் சிலிக்காத் தூசு நுரையீரலை அடையும்போது, கிருமியை விழுங்கும் அதே மேக்ரோஃபேஜ்கள் அதையும் விழுங்கி, செரிக்க முடியாமல் சிதைந்து மடிகின்றன. ஆகவே இத்தகைய தூசில் நெடுநாள் உழைப்போருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவரைவிடப் பல மடங்கு கூடுகிறது. டி செல்கள் எவ்வளவு உரக்கத் தூண்டினாலும், தூண்டலுக்குச் செவிசாய்க்க வேண்டிய செல்லே செயலிழந்த இடத்தில் பயன் இல்லை. நெருக்கமான அறைகளில் பலர் சேர்ந்து உறங்கும் வாழ்க்கை இதற்கு மேலும் வழிவகுக்கிறது. தூசு படியாத பணியிடமும் காற்றோட்டமுள்ள குடியிருப்பும் இவ்வுழைப்பாளர்களுக்கு எதிர்ப்பாற்றலின் பகுதியே ஆகும். அவற்றை ஊசியாலோ மாத்திரையாலோ ஈடுசெய்ய இயலாது.

நீரிழிவு மற்றொரு புதிய காரணி. சுபாஷ் பாபுவும் அவருடைய குழுவினரும் சேத்துப்பட்டில் நடத்திய ஆய்வுகளில், காசநோயும் நீரிழிவும் ஒருங்கே உடையோரிடம் இன்டர்ஃபெரான்-காமா உள்ளிட்ட அழற்சிப் பொருள்கள் குறைவதற்கு மாறாக மிகுந்து காணப்பட்டன. நோய் வெளிப்படாத மறைதொற்றுடைய நீரிழிவாளரிடமோ அவை தாழ்ந்திருந்தன. யானைக்கால் புழுத் தொற்று உடையோரிடமும் டி செல்களின் வேகம் தணிக்கப்படுவதை அக்குழு முன்னரே காட்டியிருந்தது. கொரோனாக் காலத்தில், 60 வயதைக் கடந்தோருக்கு பி.சி.ஜி. போட்டு ஆராய்ந்தபோது, அவர்களுடைய நினைவு டி செல்களின் அளவு உயர்ந்ததையும் அக்குழு அறிவித்தது. செங்கல்பட்டு ஆய்வைக் கற்றவர்கள் அத்தகைய உயர்வைக் கண்டதும் காப்பு கிடைத்துவிட்டது என்று கூறத் துணிவதில்லை.

செங்கல்பட்டு முடிவுக்குப் பின்னும் இந்திய அரசு பி.சி.ஜி.யைக் கைவிடவில்லை. குழந்தைகளின் கடுமையான காசநோய்களைத் தடுப்பதற்காக, பிறந்தவுடன் அதைப் போடும் முறை நிலைபெற்றது. திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் பிறக்கும் குழந்தையின் இடது மேற்கையில் இன்றும் அந்த ஊசி போடப்படுகிறது. சில வாரங்களில் அங்கே ஒரு கொப்புளம் எழுந்து ஆறித் தழும்பாகிறது. அக்குழந்தை வளர்ந்து, இருபது வயதில் ஓர் உருக்காலையின் தூசிலோ நெருக்கமான அறையிலோ கிருமியைச் சந்திக்கும்போது அதன் டி செல்கள் காக்குமா என்பதை முன்கூட்டிச் சொல்லக்கூடிய குருதிச் சோதனையோ தோல் சோதனையோ இதுவரை உலகில் எங்கும் கண்டுபிடிக்கப்படவில்லை.